பாரலாக்ஸ் குமிழைப் பற்றி யாரும் கேட்பதில்லை

என் ரைஃபிள் ஸ்கோப் போன வாரம்தான் சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே நண்பனிடமிருந்து போன். "நானும் அதே மாடல்தான் பார்த்துட்டு இருக்கேன். கண்ணாடி எப்படிடா இருக்கு?" எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மூன்று வருடம் வைத்திருப்பவனிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று ஆரம்பித்தேன். "சரி, எழுதி அனுப்பு" என்று வைத்துவிட்டான். இதோ எழுதிவிட்டேன்.

5-25x56, அதாவது 5 முதல் 25 மடங்கு உருப்பெருக்கம், முன் லென்ஸ் 56 மி.மீ. 34 மி.மீ. குழாய், உருப்பெருக்கத்தோடு சேர்ந்து அளவு மாறும்படி முதல் குவியத் தளத்தில் ரெட்டிகிள் (குறிபார்க்கும் குறுக்குக் கம்பி), திருகும் குமிழில் கிளிக்குக்கு 0.1 மில், அதாவது 100 மீட்டரில் ஒரு செ.மீ. மற்றதெல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கிறது. செய்தவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்போது நான் இருக்கிற மனநிலையில் சொன்னால் நியாயமாக இருக்காது.

முதலில் அந்தக் கண்ணாடியை முடித்துவிடுகிறேன். நன்றாக இருக்கிறது. ஆனால் 'நன்றாக' என்றால் என்னவென்று புரிய எனக்கே ஒரு வருடம் ஆயிற்று. கடைக்குள் நின்று எதிர்ச்சுவரைப் பார்த்தால் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் இருக்கும். நல்ல வெயிலில் நூறு மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஸ்கோப்பைக் கொஞ்சம் கஷ்டப்படுத்த வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்புப் பட்டைகளை அச்சடித்து, 100 மீட்டரில் வைத்துப் பாருங்கள். இரண்டு ஸ்கோப்பை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே உருப்பெருக்கத்தில் வையுங்கள். ஒன்றை 25இலும் இன்னொன்றை 16இலும் வைத்துவிட்டு "இது கூர்மை, அது மங்கல்" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு கண்ணை நடுவிலிருந்து லேசாக நகர்த்துங்கள். பட்டையின் ஓரத்தில் ஒரு பக்கம் ஊதாவும் மறுபக்கம் பச்சையும் கசிந்தால் அது நிறப்பிறழ்ச்சி. என்னுடையதில் 18 மடங்குவரை ஒன்றும் தெரிவதில்லை. 25இல், கண் விலகினால் மட்டும், மெல்லிய ஊதா எட்டிப் பார்க்கிறது. அதோடு வாழ முடிகிறது.

யாரும் செய்து பார்க்காத சோதனை ஒன்று உண்டு. சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில், அது இலக்குப் பலகைக்குச் சற்று மேலே நிற்கும்படி ரைஃபிளை வைத்துப் பாருங்கள். சூரியனையே ஸ்கோப்புக்குள் பார்த்துவிடாதீர்கள், கண் போய்விடும். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் இருபது பரப்புகள் என்று வைத்துக்கொண்டால் கண்ணுக்கு வந்து சேர்வது 44 சதவீதம்தான். ஒரு பரப்பின் இழப்பை அரை சதவீதமாகக் குறைத்தால் அதுவே 90 ஆகிவிடுகிறது. 1935இல் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சின் வழிவந்தவைதான் இன்றைய பல அடுக்குப் பூச்சுகள். திரும்பிய ஒளி சும்மாவும் இருப்பதில்லை. உள்ளேயே இங்கும் அங்கும் மோதி, படத்தின் மேல் பால் தெளித்தது போல ஒரு வெளிறலை உண்டாக்கும். என் ஸ்கோப்பில் அந்த வெளிறல் கிட்டத்தட்ட இல்லை. சுடுதளத்தில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து போகும் நேரத்திலும் எனக்கு ஐந்தாம் வளையம் தெரியும். இந்த ஒன்றுக்காக மட்டும் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

25 மடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 56ஐ 25ஆல் வகுத்தால் 2.24. ஐபீஸிலிருந்து, அதாவது கண் வைக்கும் பக்கத்து லென்ஸிலிருந்து, வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் அவ்வளவு மி.மீ.தான். பகலில் நம் கண்மணியும் இரண்டு மூன்று மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால் சரியாகிவிடுகிறது, ஆனால் தலை ஒரு நூல் நகர்ந்தால் படத்தின் ஓரம் கறுத்துவிடும். மாலையில் கண்மணி விரிகிறது, கற்றை விரிவதில்லை. 12 மடங்குக்கு இறக்கினால் 4.7 மி.மீ. கிடைக்கிறது. அந்தி நேரத்தில் 12இல் தெரியும் பலகை 25இல் தெரிவதைவிடத் தெளிவாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். அப்புறம், 56 மி.மீ. லென்ஸால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய கோணம் சுமார் 2.5 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 60 ஆர்க் நிமிடம், ஒரு ஆர்க் நிமிடத்தில் 60 ஆர்க் செகண்ட்). 25ஆல் பெருக்கினால் ஒரு ஆர்க் நிமிடம், அதாவது சாதாரணக் கண்ணின் எல்லை. அதற்கு மேல் உருப்பெருக்கினால் படம் பெரிதாகும், புதிதாக எதுவும் தெரியாது. நடுப்பகலில் கானல் ஓடத் தொடங்கினால் நான் எப்படியும் 15க்கு வந்துவிடுகிறேன்.

இனி குமிழ்.

பள்ளி ஆய்வகத்தில், முள்ளையும் அளவுகோலையும் நேராகப் பார்க்கச் சொல்வார்களே, இல்லாவிட்டால் இடமாறு தோற்றப் பிழை வரும் என்று, அதேதான் இங்கே பாரலாக்ஸ். இலக்கின் பிம்பமும் ரெட்டிகிளும் ஒரே தளத்தில் விழாவிட்டால், தலையை அசைக்கும்போது குறுக்குக் கம்பி இலக்கின் மேல் நீந்தும். இரண்டையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவருவது இடது பக்கத்துக் குமிழின் வேலை. என் ஸ்கோப்பில் 50 மீட்டரிலிருந்து 100க்குப் போகவே பாதிச் சுற்று ஆகிவிடுகிறது. 200இலிருந்து முடிவிலி வரைக்கும் ஒரு விரல் அகலம். நான் சுடுவது 300இல். அந்த விரல் அகலத்துக்குள் ஒரு மயிரிழை இடத்தில் என் வாழ்க்கை.

படுத்திருக்கிறேன். ரைஃபிளின் பின்பக்கத்தைத் தாங்கும் பையை அழுத்திப் பிடித்திருக்கும் இடது கையை எடுத்தால்தான் குமிழுக்கு எட்டும். எடுக்கிறேன். குமிழ் அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்துகிறேன், சட்டென்று தாவி 300ஐக் கடந்து போய்விடும். இதற்குள் ரைஃபிள் ஆடி, குறுக்குக் கம்பி பக்கத்து ஆளின் பலகையில் நிற்கும். திரும்பப் பையைப் பிடித்து, மூச்சை விட்டு, கன்னத்தை வைத்து, தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் கம்பி இன்னும் நீந்திக்கொண்டிருக்கும். மறுபடி கையை எடு. இடமிருந்து திருப்பி வந்தால் ஓர் இடத்தில் நிற்கிறது, வலமிருந்து வந்தால் வேறோர் இடம். உள்ளே பற்களுக்கிடையில் இருக்கும் தொய்வுதான் காரணம். எப்போதும் முடிவிலிவரை போய்விட்டு அங்கிருந்தே திரும்பி வருவது என்று பழக்கிக்கொண்டேன். ஓரளவு கேட்டது. குமிழில் 300 என்று எழுதியிருக்கும் இடத்தில் 300 இல்லை என்பது தனிக் கதை. அந்த எண்களை யாருமே அப்படியே நம்புவதில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். 100 மீட்டருக்கு வைத்த பாரலாக்ஸை மறந்துவிட்டு 300இல் சுட்டால், கண் கற்றையின் விளிம்பிலேயே இருந்தாலும் பிழை அதிகபட்சம் 56 மி.மீ. நான் பண்ணுகிற தவறு அவ்வளவு பெரியதில்லை. குமிழ் 250இல் நின்றுவிட்டது என்று வைத்தால், அதே கணக்கில் ஆறு மி.மீ.கூட வராது. சர்வதேச 300 மீட்டர் பலகையில் 10 வளையத்தின் விட்டம் 100 மி.மீ. (அந்தப் போட்டிக்கு ஸ்கோப்பே கிடையாது, ஒரு அளவுக்குச் சொல்கிறேன்.) கண் சரியாக நடுவில் இருந்தால் பிழை பூஜ்யம். ஆக மூன்று வருடமாக நான் திட்டிக்கொண்டிருப்பது ஆறு மில்லிமீட்டருக்காக. காகிதத்தில் எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பாயில் படுத்தால் வெட்கம் போய்விடுகிறது. கம்பி நீந்துவதை ஒருமுறை பார்த்துவிட்டால் விரல் தயங்கும், தயங்கிய விரல் இழுக்கும் டிரிகர் ஆறு மில்லிமீட்டரோடு நிற்காது.

முதல் வருடத் திட்டில் பாதி என் தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐபீஸில் இருக்கும் டயாப்டரை, அதாவது ரெட்டிகிளை நம் கண்ணுக்குக் கூர்மையாக்கும் வளையத்தை, வாங்கிய அன்று அவசரமாகத் திருப்பி வைத்ததோடு சரி. வெறும் வானத்தைப் பார்த்து, ரெட்டிகிள் கூர்மையாக இருக்கிறதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவு செய்து, கண்ணை எடுத்துவிட வேண்டும். நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் கண்ணே சரிக்கட்டிக்கொண்டு நம்மை ஏமாற்றும். இது சரியாக இல்லாவிட்டால், படம் கூர்மையாக இருக்கும் இடமும் பாரலாக்ஸ் இல்லாத இடமும் வேறு வேறாகிவிடும். நான் கூர்மையைப் பார்த்து நிறுத்துவேன், கம்பி நீந்தும், குமிழைத் திட்டுவேன். போன வருடம் ரெட்டிகிள் மங்கியதாகத் தெரிந்தபோதும் ஸ்கோப் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மாறியிருந்தது என் கண் பவர்.

டயாப்டரைச் சரிசெய்த பிறகு, குமிழைச் சுற்றி வெள்ளை டேப் ஒன்றை ஒட்டினேன். ஒவ்வொரு தூரத்திலும் தலையை ஆட்டி ஆட்டி, கம்பி அசையாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு. 300க்கு மட்டும் இரண்டு கோடுகள், குளிருக்கு ஒன்று வெயிலுக்கு ஒன்று. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வருட வேலை. அழுக்கேறி, ஓரம் சுருண்டு, பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்த டேப் வந்த பிறகுதான் இது என் ஸ்கோப் ஆயிற்று.

பிறகு ஒரு குளிர்ந்த விடியற்காலையில் குமிழ் அசையவே மறுத்தது. சர்வீஸுக்கு அனுப்பினேன். பதினோரு வாரம். அதுவரை பழைய 4-16x44 ஒன்றை மாட்டிக்கொண்டேன். அந்தியில் மங்கல், தாழ்ந்த சூரியனில் ஒரே வெளிறல், பட்டை ஓரமெல்லாம் ஊதா. பகலில் எடுத்த புள்ளிகள் மட்டும் குறையவில்லை. இதை நண்பனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன்.

திரும்பி வந்த பெட்டியில் எல்லாம் ஒழுங்கு. லென்ஸ் துடைத்திருந்தது. சோதித்த சீட்டு உள்ளே இருந்தது. குமிழ் வெண்ணெய் போலச் சுழன்றது. டேப் இல்லை. பசைத் தடம்கூட இல்லாமல் சுத்தமாக உரித்துத் துடைத்திருந்தார்கள். கிரீஸ் மாற்றுபவர் அழுக்கு டேப்பைப் பார்த்தால் உரிக்காமல் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சொல்கிறேன். இரண்டு வருடக் கோடுகள் ஐயா அவை. உள்ளே பிரித்து மாட்டியதில் பழைய கோடுகள் இனிப் பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இப்போது குமிழ் அவ்வளவு லேசு. உறையில் போடும்போது துணி உரசினாலே நகர்ந்துவிடுகிறது. தொய்வு மட்டும் அப்படியே இருக்கிறது. முன்பு முரடாக இருந்ததால் வைத்த இடத்திலாவது நின்றது.

மேல் டர்ரெட்டைப் பற்றி, அதாவது குறியை ஏற்றி இறக்கும் மேல்பக்கத்துக் குமிழைப் பற்றி, சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் பெருமை. 100 மீட்டரில் உயரமான தாளில் தூக்குக்குண்டு வைத்து நேர்க்கோடு போட்டு 10 மில் ஏற்றினால் ஒரு மீட்டர் ஏற வேண்டும். வாங்கியபோதும் அளந்தேன், சர்வீஸுக்குப் பிறகும் அளந்தேன். ஒரு மீட்டர். எடை அதிகம், அது வாங்கும்போதே தெரிந்ததுதான்.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. கண்ணாடிக்காக என்றால் இதைவிடக் கொஞ்சம் கீழே இருப்பதை எடுத்துக்கொள். கடையில் கண்ணாடியைப் பார்க்கும் நேரத்தில் பாதியைக் குமிழைத் திருப்புவதில் செலவிடு, படுத்துக்கொண்டு இடது கையால் திருப்பிப் பார். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இதைப் படித்துவிட்டு அவன் உடனே கூப்பிட்டான். "அப்போ உன்னோடதை எனக்கே கொடுத்துடு."

கொடுப்பதாக இல்லை. நேற்று புது டேப் ஒட்டியாயிற்று. இதுவரை 100க்கு மட்டும் கோடு போட்டிருக்கிறேன்.