நாற்றங்கால் பம்புக் கடிகாரத்துக்கு எந்த பேட்டரி?

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை நாற்றங்காலில் தண்ணீர்ப் பம்பைக் காலையும் மாலையும் தானாக ஓட்டும் பெட்டி ஒன்றைச் செய்ய நினைப்பவர், எந்தக் கடிகாரச் சில்லு துல்லியமானது என்றுதான் முதலில் கேட்பார். மின்சாரம் போன பிறகு அந்தச் சில்லை ஓட்டுவது எது என்பதே பெரிய கேள்வி.

சில்லுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டி.எஸ். 1307 வெளியே பொருத்தும் படிகத்தை நம்பியிருப்பதால், பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள படிகத்தோடு நாளொன்றுக்கு 1.7 வினாடி வரை தவறும். வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் டி.எஸ். 3231 ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே விலகும். நாற்றுக்கு நீர் விட இரண்டுமே போதும். ஆனால் தகரக் கொட்டகையின் வெக்கையில் நான் 3231-ஐத்தான் வைப்பேன்.

சிக்கல் இருப்பது 3231 சில்லைப் பொருத்தி விற்கும் மலிவான பலகையில். 5 வோல்ட் முனையிலிருந்து ஒரு டையோடும், '201' என்று பொறித்த 200 ஓம் மின்தடையும் வழியாக பேட்டரிக்கு இடைவிடாமல் மின்னேற்றம் போகிறது. போதும் என்று நிறுத்த அங்கே எதுவும் இல்லை. மறுமின்னேற்றம் செய்யக்கூடாத சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ பேட்டரியை அதில் போட்டால் அது உப்பலாம், கசியலாம், வெடிக்கவும் கூடும். மின்னேற்றத்துக்கென்றே செய்த எல்.ஐ.ஆர். 2032-க்கும் 4.2 வோல்ட்தான் எல்லை. இந்தச் சுற்றோ நாலரை வோல்ட் அளவுக்குத் தள்ளுகிறது. 3.3 வோல்ட்டில் ஓட்டினால் ஆபத்து நீங்கும், ஆனால் எல்.ஐ.ஆர். ஏறவே ஏறாது.

கொள்ளளவிலும் இரண்டும் சமமல்ல. சி.ஆர். 2032 சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி, எல்.ஐ.ஆர். சுமார் 40. சில்லு அதிக அளவாக 3 மைக்ரோ ஆம்பியர் இழுத்தாலும், முன்னது கணக்குப்படி எட்டு ஆண்டு தாங்கும்.

பேட்டரிக்குப் பதிலாக மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் மீமின்தேக்கி (சூப்பர் கெப்பாசிட்டர்), தேய்ந்துபோகும் பேட்டரித் தொல்லையைத் தவிர்க்கும் என்பது உண்மைதான். எனினும் 3.3 வோல்ட்டுக்கு ஏற்றிய 0.22 ஃபாரட் தேக்கி, 3231-இன் எல்லையான 2.3 வோல்ட்டுக்கு இறங்க, அதே மின்னோட்டத்தில் இருபது மணி நேரமே ஆகும். வெள்ளிக்கிழமை மாலை இடி மழையில் சுவிட்ச் டிரிப் ஆகி, திங்கட்கிழமை காலை மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) வரும்வரை யாரும் பார்க்காவிட்டால், கடிகாரம் நின்றுபோயிருக்கும். வெறும் 45 நானோ ஆம்பியரில் ஓடும் ஆர்.வி. 3028 என்ற இன்னொரு கடிகாரச் சில்லுக்கு இதே தேக்கி தாராளம். மின்னேற்றும் வசதியும் அதற்குள்ளேயே உண்டு. ஆனால் அதில் வெப்பத் திருத்தம் இல்லாததால் 45 பாகையில் நாளுக்கு ஒரு வினாடிக்கு மேல் பின்தங்கும்.

ஆகவே, ஆள் எப்போதாவது எட்டிப்பார்க்கும் கொட்டகைக்கு, '201' மின்தடையைக் கழற்றிய 3231 பலகையும் சி.ஆர். 2032-உம் போதும் என்பதே என் தேர்வு. கழற்றிய பின், பேட்டரி இல்லாத கூட்டில் மீட்டரை வைத்து 5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். நாலரை வோல்ட் காட்டினால் மின்னேற்றப் பாதை இன்னும் அறுபடவில்லை.