ஈஸ்ட் நீக்கத் தொகுப்பு: ரைபோசோம் புரத வேலைக்கு அப்படியே எடுக்கலாமா?

ஈஸ்டின் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, அந்த இடத்தில் கேன்எம்எக்ஸ் கேசட்டை (ஜி418 என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்க வைக்கும் மரபணுத் துண்டு) வைத்த ஸ்ட்ரெய்ன்களின் தொகுப்பு இது. 96 குழித் தட்டுகளில் மொத்தமாகவும் வாங்கலாம், வேண்டிய ஸ்ட்ரெய்னை மட்டும் தனியாகவும் வாங்கலாம். பொதுவான ஸ்கிரீனிங்குக்கு இதை மிஞ்சிய பொருள் இல்லை. ரைபோசோம் புரத மரபணு என்றால் மட்டும், வந்த ஸ்ட்ரெய்னை நேராகச் சோதனையில் இறக்கக் கூடாது.

ஈஸ்டில் இந்தப் புரதங்களுக்கு 137 மரபணுக்கள் உண்டு; பெரும்பாலானவை ஜோடி, மொத்தம் 59 ஜோடிகள். ஜோடியில் ஒன்றை நீக்கினால் செல் பெரும்பாலும் பிழைக்கும், ஆனால் வளர்ச்சி மந்தமாகும். மந்தமான கல்ச்சரில் எந்தச் செல் குறுக்குவழி கண்டுபிடிக்கிறதோ அது சில தலைமுறைகளில் குழாயையே பிடித்துக்கொள்ளும். எளிய குறுக்குவழி, மிச்சமுள்ள இணை மரபணு இருக்கும் குரோமோசோமைக் கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்வதுதான். ஆர்பிஎஸ்24ஏ நீக்கிய ஸ்ட்ரெய்னில் 9ஆம் குரோமோசோம் கூடியிருந்தது 2000இலேயே வெளியான செய்தி. ஆர்பிஎஸ்24பி இருப்பது அதில்தான். இது தெரியாமல் ஆர்என்ஏ அளவெடுத்தால், அந்தக் குரோமோசோம் முழுவதும் 'தூண்டப்பட்ட' மாதிரி தெரியும்.

இன்னொரு கோளாறு வடிவமைப்பிலேயே இருக்கிறது. தொடக்கக் கோடானிலிருந்து நிறுத்தக் கோடான் வரை வெட்டியிருப்பதால் இன்ட்ரானும் (மரபணுவுக்குள் இருந்தாலும் புரதமாக மாறாத பகுதி) சேர்ந்தே போகிறது. ரைபோசோம் புரத மரபணுக்களில் ஏறத்தாழ 100க்கு இன்ட்ரான் உண்டு. சிலவற்றில் அதற்குள் ஒரு ஸ்னோஆர்என்ஏ (ரைபோசோம் ஆர்என்ஏவைப் பக்குவப்படுத்த உதவும் சிறு ஆர்என்ஏ) குடியிருக்கிறது. ஆர்பிஎல்7ஏவில் எஸ்என்ஆர்39, ஆர்பிஎல்7பியில் எஸ்என்ஆர்59, ஆர்பிஎஸ்22பியில் எஸ்என்ஆர்44, ஏஎஸ்சி1இல் எஸ்என்ஆர்24. இவற்றில் ஒன்றை நீக்கிவிட்டு 'புரதம் இல்லாததால் வந்த விளைவு' என்று எழுத முடியாது. இன்ட்ரான் இல்லாத சிடிஎன்ஏவை (மரபணுவின் புரதப் பகுதி மட்டும் உள்ள நகல்) பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் கொடுத்துப் பாருங்கள். குறை தீர்ந்தால் பழி புரதத்தின் மேல். தீராவிட்டால் ஸ்னோஆர்என்ஏவைச் சந்தேகிக்கலாம்.

ஸ்ட்ரெய்ன் கைக்கு வந்ததும் லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஜி418 கலந்த ஒய்பிடி (ஈஸ்டுக்கான வழக்கமான ஊட்ட மீடியம்) தட்டில் கோடிழுத்துத் தனிக் காலனி எடுக்க வேண்டும். பெரிய காலனியைத் தேடி எடுப்பதுதான் இங்கே மோசமான பழக்கம்: அளவில் தனித்துப் பெரிதாக நிற்பது பெரும்பாலும் அந்தக் குறுக்குவழிக்காரன்தான். ஒரே சீராக இருக்கும் சிறியவற்றில் நாலைந்தை எடுங்கள். பிசிஆரில் ஏ பிரைமரோடு கேன்பி, டி பிரைமரோடு கேன்சி (ஏ, டி மரபணுவின் இரு பக்கமும் வெளியே; கேன்பி, கேன்சி கேசட்டுக்குள்) போட்டு இரு பக்கச் சந்திப்பையும் பாருங்கள். ஏ-பி ஜோடியையும் (பி மூல மரபணுவுக்குள் ஒட்டும் பிரைமர்) கட்டாயம் ஓட்டுங்கள். ஹாப்லாய்டில் (குரோமோசோம் ஒவ்வொன்றும் ஒரே பிரதியாக உள்ள செல்) ஏ-பி பேண்டு வந்தால் மூல மரபணு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பக்கத்துக் குழி கலந்துவிட்டது. கிளிசரால் தட்டிலும் ஒரு முறை வளர்த்துப் பார்ப்பது நல்லது. இந்த ஸ்ட்ரெய்ன் பின்னணியில் பெட்டீட் (மைட்டோகாண்ட்ரியா பழுதாகி, கிளிசராலில் வளர முடியாத செல்) எளிதாக வரும், அதன் மந்தத்தை ரைபோசோம் குறையென்று எண்ணிவிடலாம். கடைசியாக, இணை மரபணு உள்ள குரோமோசோம் எத்தனை பிரதி இருக்கிறது என்பதைக் கியூபிசிஆரில் (டிஎன்ஏவின் அளவைக் காட்டும் பிசிஆர்) சரிபாருங்கள்.

சின்தெட்டிக் மீடியத்தில் ஜி418 தேர்வு சொதப்பினால் மருந்தைக் குறை சொல்லாதீர்கள். அம்மோனியம் சல்பேட் அதன் வேலையைக் கெடுக்கும். அதற்குப் பதில் லிட்டருக்கு 1 கிராம் மோனோசோடியம் குளுட்டமேட் போடுங்கள்.

அத்தியாவசிய மரபணுக்களுக்குத் தொகுப்பில் கிடைப்பது ஹெட்டரோசைகஸ் டிப்ளாய்டு (இரு பிரதிகளில் ஒன்று மட்டும் நீக்கப்பட்ட செல்) மட்டுமே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டெட்ராடு (அந்தச் செல் தரும் நான்கு ஹாப்லாய்டு ஸ்போர்களின் தொகுதி) பிரித்தால் இரண்டு உயிரோடு, இரண்டு இறந்து வரும். ஜோடி மரபணுக்களுக்கும் ஹாப்லாய்டை விட இந்த டிப்ளாய்டை வாங்கி, தேவைப்படும்போது ஸ்போர் எடுப்பதையே பரிந்துரைப்போம். நீக்கத்தின் சுமை அதில் குறைவு, அடக்கிகள் (குறையை மறைக்கும் கூடுதல் மாற்றங்கள்) சேரும் வாய்ப்பும் குறைவு. கிடைத்த ஸ்போரை அன்றே 15 சதவீதக் கிளிசராலில் -80 டிகிரியில் வைத்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் கிடந்த தட்டிலிருந்து பாலிசோம் (ஒரே எம்ஆர்என்ஏவில் பல ரைபோசோம்கள் சேர்ந்த தொகுதி) எடுக்கக் கூடாது.