பேரிடர் மேலாண்மை: இக்னோ டிப்ளமோவா, மும்பை எம்.ஏ.வா?

தீயணைப்பு நிலையத்தில் டியூட்டி பார்த்துக்கொண்டே மேலே படிக்க நினைக்கும் தம்பிகள் இந்த இரண்டைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஒன்று, இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமோ. தொலைநிலைக் கல்வி, குறைந்தது 1 வருடம், இழுத்தால் 3 வருடம். இன்னொன்று, மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் 2 வருட முழுநேர எம்.ஏ. நான் படித்து முடித்தது இக்னோவில். என் மனசும் அந்தப் பக்கம்தான்.

செலவு எதில் கூடுதல் என்பது ஊருக்கே தெரியும். எம்.ஏ. முழுப் பட்டம், பின்னால் ஆய்வுக்குப் போகலாம். டிப்ளமோவில் அது நடக்காது. சரி.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது விடுப்புதான். 2 வருடம் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைப்பதே கஷ்டம். சம்பளம் இல்லாமல் போனால் வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவது? அதைவிடப் பெரிய விஷயம், படித்ததை அன்றைக்கே களத்தில் பார்க்க முடிவது. இடர் மதிப்பீட்டுப் பாடத்தை ஒரு நைட் டியூட்டியில் படித்தேன். காலையில் இரண்டு பேரோடு டேப் எடுத்துக்கொண்டு மார்க்கெட் தெருவை அளக்கப் போனேன். பத்திரத்தில் 14 அடி. கடைக்காரர்கள் இழுத்து விட்ட தகரக் கூரைக்கு நடுவே மிச்சம் 9 அடி. எட்டடிக்கு மேல் அகலமுள்ள எங்கள் வாட்டர் டெண்டர், அதாவது தண்ணீர் கொண்டுபோகும் தீயணைப்பு வண்டி, உள்ளே போனால், கதவைத் திறந்து ஆள் இறங்க முடியாது. அன்றே முடிவு செய்தோம்: வண்டி கோயில் முனையிலேயே நிற்கும், அங்கிருந்து ஹோஸை, அதாவது தண்ணீர்க் குழாயை, இழுப்போம். எத்தனை ஹோஸ் வேண்டும் என்பதை எண்ணி, வரைபடத்தில் குறித்து, நிலையச் சுவரில் ஒட்டினோம். மும்பை வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால் அந்தத் தெரு எனக்குப் பாடமாகியிருக்காது.

மும்பையில் நான் படித்ததில்லை. அங்கே படித்த ஒரு நண்பர் சொல்வதை வைத்துப் பார்த்தால், களப்பணியும் பல ஊர் மாணவர்களோடு விவாதிப்பதும் அங்கே பெரிய பலம். இக்னோவில் அந்தத் துணை எனக்குக் கிடைக்கவில்லை, புத்தகமும் நானும்தான். துறையை விட்டுத் தொண்டு நிறுவனத்துக்கோ திட்டமிடல் வேலைக்கோ போக நினைப்பவருக்கு எம்.ஏ.தான் சரியாக வரும் என்று தோன்றுகிறது.

இக்னோ என்று முடிவு செய்தால் தேர்வை ஜூனில் எழுதுங்கள். கோடையில் கூரை வீட்டுத் தீ அதிகம்தான், ஆனாலும் சமாளிக்கலாம். டிசம்பர் தேர்வு வடகிழக்குப் பருவமழையோடு வரும். 2015 டிசம்பர் மாதிரி ஒரு மழை வந்தால் ஹால் டிக்கெட் பையிலேயே கிடக்கும்.