கெஃப்லாவிக்கில் வாடகைக் கார்: காற்றுக்குக் காப்பீடு கிடையாது

ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையத்தில் கார் எடுத்தால் காரைப் பற்றிப் பேசுவது ஐந்து நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் கல், மணல், ஆறு, காற்று. கவுண்டரில் இருந்த பையன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை சொன்னான். தெறிக்கும் கல்லுக்கு ஒரு காப்பீடு, மணல், எரிமலைச் சாம்பலுக்கு இன்னொன்று, மோதினால் நாம் கையிலிருந்து கட்டவேண்டிய தொகையைக் குறைக்க மூன்றாவது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் காப்பீட்டுச் செலவு வாடகையில் பாதியைத் தொட்டுவிடும்.

நாங்கள் எடுத்தது ஓர் உள்ளூர் நிறுவனத்தில். பெயர் எழுதப் போவதில்லை. காரணம் கீழே வரும். இந்த மாதிரி நிறுவனங்களுக்கு முனையத்துக்குள் இடம் இருக்காது. வெளியே வந்து, அவர்களுடைய வேனுக்காகக் காத்திருந்து, சற்றுத் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்குப் போகவேண்டும். மழை சாய்வாக அடிக்கும் செப்டம்பரில் அந்தக் காத்திருப்பு சுகமில்லை. முன்பணத்தை டெபிட் கார்டில் எடுக்கமாட்டோம், ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்றார்கள். இதை முன்பதிவின்போதே எழுதியிருந்தார்கள், குறை சொல்ல முடியாது.

சரி, எந்தக் காப்பீடு வேண்டும்? கல்லுக்கானதை யோசிக்காமல் எடுங்கள். வட்டச்சாலை எனப்படும் முதலாம் எண் நெடுஞ்சாலை தார் போட்டது என்றாலும், அருவிக்கோ விடுதிக்கோ திரும்பினால் சரளைதான். எதிரே வரும் வண்டி எறியும் ஒரு கல் போதும், முன்கண்ணாடி போய்விடும். மணலுக்கானது நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தெற்குக் கரையில் மிர்டால்சான்டுர், ஸ்கெய்தரார்சான்டுர் என்று பரந்த கருமணல் வெளிகள் இருக்கின்றன. பெருங்காற்று அடித்தால் அந்த மணல் வண்டியின் பெயின்டையே தேய்த்து எடுத்துவிடும். நாங்கள் அந்த வழியாகப் போனதால் எடுத்தோம். தலைநகரையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தண்டச் செலவு.

ஆற்றில் இறக்கிக் கெடுத்தால் வழக்கமான காப்பீடுகள் எதுவும் வராது. எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் மலைச்சாலைகளுக்கு நான்கு சக்கர இயக்கம் கட்டாயம், கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும். சாலையை விட்டு மண்ணில் ஓட்டுவது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம்.

அப்புறம் காற்று. காற்று பிடுங்கி மடக்கிய கதவுக்கு எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு பைசா காப்பீடு இல்லை. பெரும்பாலான நிறுவனங்களிலும் இப்படித்தான். சாவி கொடுக்கும்போது பையன் இதை மட்டும் இரண்டு முறை சொன்னான். பின் இருக்கையில் இருந்த மாமியாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். “ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், நாம பாக்காத காத்தா?” என்று சிரித்தார். ரேனிஸ்ஃப்யாரா கடற்கரையில் வண்டியை நிறுத்தியதும் முதலில் நான் இறங்கி, வெளியிலிருந்து அவர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க அத்தை” என்றேன். இறங்கியவர் அதற்கப்புறம் அம்மியைப் பற்றிப் பேசவில்லை. வண்டியின் மூக்கைக் காற்று வரும் திசைக்கு நிறுத்தினால் கதவு தானாகவே சாத்திக்கொள்ளப் பார்க்கும், பிய்த்துக்கொண்டு போகாது.

வண்டி டேசியா டஸ்டர். ஐஸ்லாந்து முழுக்க வாடகைக்கு ஓடுவது இதுதானோ என்று தோன்றும். ஆடம்பரம் இல்லை, மேடேறும்போது முனகும். ஆனால் உயரம் நல்ல உயரம், மூன்று பேருக்கும் பெட்டிகளுக்கும் இடம் தாராளம், ஹீட்டர் அருமை.

பிரிட்டனில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய எனக்கு வலப்பக்கத்தைவிட ரவுண்டானாதான் கவனம் கேட்டது. இரண்டு தடம் உள்ள ரவுண்டானாவில் உள்தடத்தில் இருப்பவர் வெளியேற, வெளித்தடத்தில் இருப்பவர் வழிவிடவேண்டும். ஊருக்குள் 50, சரளையில் 80, தார்ச்சாலையில் 90 கிலோமீட்டர், அதுதான் உச்சம். பகலிலும் விளக்கு எரியவேண்டும். ஒற்றைத்தடப் பாலத்தில் முதலில் வந்தவர் முதலில் போகிறார், யாரும் முண்டியடிக்கவில்லை. ஆளில்லாத பெட்ரோல் பங்குகளில் கார்டின் ரகசிய எண்ணை (PIN) கேட்கும்; எண் நினைவில்லாத கார்டை நம்பி அத்துவானத்துக்குப் போகாதீர்கள்.

இப்போது பெயர் எழுதாததற்கான காரணம். வண்டியை ஒப்படைத்துப் பல நாள் கழித்து, சக்கர விளிம்பில் கீறல் என்று ஒரு பில் மின்னஞ்சலில் வந்தது. எடுத்த அன்றே மழையில் நனைந்துகொண்டே என் கணவர் நான்கு சக்கரங்களையும் குனிந்து குனிந்து வீடியோ எடுத்திருந்தார். கீறல் அதிலேயே இருந்தது. அனுப்பியதும் பில்லை ரத்து செய்தார்கள், மன்னிப்பு என்று ஒரு வரி இல்லை. இன்னொரு பில் நியாயமானதுதான்: ஓர் அருவியின் வாகன நிறுத்தத்தில் கேமரா எண் பலகையைப் படித்துக் கட்டணம் விதித்திருக்கிறது. அதை இவர்கள் கட்டிவிட்டு, ‘நிர்வாகச் செலவு’ என்று கட்டணத்தைவிடப் பெரிய தொகையைச் சேர்த்திருந்தார்கள். நிறுத்தக் கட்டணத்தை அன்றைக்கே செயலியில் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வண்டிக்கு ஐந்துக்கு நான்கு, கவுண்டர் பையனுக்கு ஐந்து, ஒப்படைத்த பிறகு வந்த கணக்குக்கு ஒன்று. விலைக்காக மறுபடி இவர்களிடமே எடுப்பேன், வீடியோவோடு. திரும்பும் அன்று வேன் பயணத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். காலை விமானம் என்றால் அங்கும் வரிசை இருக்கும்.