மழை இல்லாத நூர்புர்க்ரிங்: அசெட்டோ கோர்சாவில் லவுடாவின் ஃபெராரி

அசெட்டோ கோர்சா 2014 டிசம்பரில் முழுமையாக வெளிவந்தது, இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி செய்த கார் ஓட்டும் விளையாட்டு. இவ்வளவு பழசுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். இதில் இருக்கும் ஒரே ஒரு காருக்காகத்தான் எழுதுகிறேன், ஃபெராரி 312டி, ஆஸ்திரியாவின் ஃபார்முலா 1 ஓட்டுநர் நிக்கி லவுடா 1975இல் முதல் தடவை உலகச் சம்பியன் ஆன கார். லவுடாவைப் பற்றி நிறைய வாசித்தவர்கள்கூட இந்தக் காரில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால் அந்த மனிதரைப் பற்றிப் புதிதாக ஒன்று புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன். அதே சமயம் அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய விஷயம் எதுவோ அது இந்த விளையாட்டில் இல்லவே இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் நடைமுறை. பழைய விளையாட்டு என்பதால் பெரிய கணினி தேவையில்லை, நடுத்தரக் கிராஃபிக்ஸ் கார்ட் போதும், கொழும்பில் இன்றைக்கு இருக்கும் விலைக்கு இது பெரிய ஆறுதல். ஸ்டீம் என்ற இணையக் கடையில் டொலரில்தான் காசு கட்ட வேண்டும், ஆனால் அடிக்கடி தள்ளுபடி வரும், அப்போது நோர்ட்ஷ்லைஃப, அதாவது ஜெர்மனியின் நூர்புர்க்ரிங்கில் இருக்கும் நீண்ட பழைய பாதையும் சேர்ந்து வரும் அல்டிமேட் பதிப்பைப் பாருங்கள், மூல விளையாட்டை மட்டும் வாங்கினால் அந்தப் பாதை கிடைக்காது. டவுன்லோட் பெரியது, இரவு நேர டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். கீபோர்டில் இந்தக் காரை ஓட்ட நினைக்காதீர்கள். ஸ்டியரிங்கும் மூன்று பெடலும் கையால் போடும் கியர் தடியும் வேண்டும், புதிதாக வாங்க முடியாவிட்டால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கேட்டுப் பார்க்கலாம், இணையத்தில் பாவித்த செட்டுகளும் அவ்வப்போது விலைக்கு வரும். பாரமான மரமேசை ஒன்றில் இறுக்கிப் பூட்டுங்கள், பிளாஸ்டிக் மேசை பிரேக் மிதிக்கும்போது நகரும்.

சரி, கார். மூன்று லீட்டர், பன்னிரண்டு சிலிண்டர், படுத்த வாக்கில் வைத்த இயந்திரம், ஐந்து கியர். பெயரில் இருக்கும் அந்த 'டி' கியர்பெட்டி குறுக்காக வைக்கப்பட்டிருப்பதைக் குறிக்கிறது. அப்படி வைத்ததால் பாரம் எல்லாம் காரின் நடுப்பக்கம் வந்துவிடுகிறது, வளைவில் மூக்கு உடனே திரும்புகிறது. எழுத்தில் இது வெறும் தொழில்நுட்பக் குறிப்பு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இத்தாலியின் மொன்சா பந்தயப் பாதையில் லெஸ்மோ வளைவுக்குள் போகும்போதுதான் அதன் அர்த்தம் கைக்கு வருகிறது. முன் சில்லு பிடிக்கிறதா இல்லையா என்பதை உங்கள் விரல்கள் கண்ணுக்கு முன்னமே அறிந்துவிடும், பின்பக்கம் மெல்ல நழுவத் தொடங்குவது தோளில் தெரிவது போல இருக்கும், பிரேக்கை ஒரு இம்மி கூடுதலாக மிதித்தால் சில்லு பூட்டிக்கொள்ளும், கியரை இறக்கும்போது குதிகாலால் அக்சிலரேட்டரைத் தட்டிக் கொடுக்காவிட்டால் பின்பக்கம் சுற்றிவிடும். உதவிக்கு எந்த எலெக்ட்ரோனிக்ஸும் இல்லை. இவ்வளவு நேர்மையாகக் கையோடு பேசும் விளையாட்டை நான் வேறு பார்க்கவில்லை, இத்தனை வருடம் கழித்தும் இதை ஆட்கள் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

லவுடாவைப் பற்றிப் புரிவதும் இங்கேதான். அவர் வெறும் வேகக்காரர் இல்லை, காரைக் கேட்கத் தெரிந்தவர். வியன்னாவில் பணக்காரக் குடும்பம், ஆனால் தாத்தாவுக்கு இந்தத் தொழிலே பிடிக்கவில்லை, ஆகவே ஆயுள் காப்புறுதியை ஈடு வைத்து வங்கியில் கடன் வாங்கி மார்ச் என்ற பந்தய அணியில் இடம் பிடித்தார். பிஆர்எம் அணிக்குப் போனதும் கடனில்தான். 1974இல் ஃபெராரிக்கு வந்த புதிதில் கார் சரியில்லை என்று நிறுவனர் என்சோ ஃபெராரியின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வீட்டில் அப்படிப் பேசிவிட்டு வேலையில் நின்றவர்கள் குறைவு. அவரோ சொன்னதைச் செய்து காட்டினார், இயந்திரவியலாளர் மௌரோ ஃபோர்கியேரியோடு நாள் கணக்காகச் சோதனை ஓட்டம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம். 1975இல் ஐந்து வெற்றிகள், 1964க்குப் பிறகு ஃபெராரிக்கு முதல் சம்பியன் ஓட்டுநர். விளையாட்டில் காரின் செட்டப் பக்கத்தைத் திறந்து பின் இறகை ஒரு படி ஏற்றி, டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, மறுபடி போய் ஓட்டி வித்தியாசத்தைத் தேடிப் பாருங்கள். அந்த மனிதருடைய பகல் பொழுதுகள் எப்படிப் போயிருக்கும் என்பது விளங்கும்.

அப்புறம் நோர்ட்ஷ்லைஃப. 1975 ஜெர்மன் கிராண்ட் பிரிக்ஸின் தகுதிச் சுற்றில் லவுடா இதே காரில் 6 நிமிடம் 58.6 செக்கனில் சுற்றினார். அந்தப் பழைய 22.8 கிலோமீட்டர் பாதையில் ஏழு நிமிடத்துக்குள் வந்தவர் அவர் ஒருவர்தான். விளையாட்டில் இருப்பது லேசரால் அளந்த இன்றைய பாதை, ஏறக்குறைய 20.8 கிலோமீட்டர். ஆகவே உங்கள் நேரத்தை அவருடைய நேரத்தோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம், பாதையும் குட்டை, தரையும் வேறு, ஓரத்து இரும்பு வேலிகளும் வேறு. ஆனாலும் ஃபுக்ஸ்ரோர இறக்கத்தில் ஐந்தாவது கியரில் கார் அடி தட்டிக்கொண்டு போகும்போது, இதற்குப் பிறகு வரும் வளைவுகள் எத்தனை மனப்பாடமாக இருக்க வேண்டும், அதில் ஒன்றை மறந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு வரும். அந்த வருடம் அவர் முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தபோது டயர் போய் மூன்றாவதாகத்தான் முடித்தார்.

அடுத்த வருடம் அதே இடத்தில் நடந்தது உலகத்துக்கே தெரியும். 1976 ஓகஸ்ட் 1. மழை, பாதை ஆபத்து, இவ்வளவு நீளத்துக்குத் தீயணைப்பும் மருத்துவமும் போதாது என்று ஓட்டுநர்கள் கூட்டத்தில் போட்டியைப் புறக்கணிக்கச் சொன்னவர் லவுடாவேதான். பெரும்பான்மை ஓடுவோம் என்றது, அவரும் ஓடினார். ஈரத்துக்கான டயரில் தொடங்கி, பாதை காய்வதைப் பார்த்து முதல் சுற்று முடிவில் உலர் டயருக்கு மாற்றினார். இரண்டாவது சுற்றில் பெர்க்வெர்க் என்ற வளைவுக்கு முன்னால் வரும் வேகமான இடது வளைவில் கார் பாதையை விட்டு விலகி மண்மேட்டில் அடித்துத் தீப்பிடித்தது. பின்பக்க சஸ்பென்ஷன் உடைந்தது என்று பலர் சொன்னார்கள், காரணம் இன்றுவரை தீர்க்கப்படவில்லை. மெர்சாரியோ, லங்கர், எட்வர்ட்ஸ், எர்ட்ல் என்ற சக ஓட்டுநர்கள் நெருப்புக்குள் கையை விட்டு அவரை இழுத்தெடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து கடைசிச் சடங்கும் செய்துவிட்டார்.

இந்த வளைவை விளையாட்டில் ஓட்டலாம். எக்ஸ்மியூல என்ற இடத்தைத் தாண்டி மேட்டில் ஏறும்போது வரும் ஒரு சின்ன இடது திருப்பம், இப்போது அதை லவுடாவின் பெயராலேயே சொல்கிறார்கள். காய்ந்த தரையில் அக்சிலரேட்டரை விடாமலே போய்விடலாம். எனக்கு இதுதான் இந்த விளையாட்டின் பெரிய குறை. மூல அசெட்டோ கோர்சாவில் மழை கிடையாது. ஈரத் தரை கிடையாது, பாதி காய்ந்த தரையும் கிடையாது. பாதி நனைந்த பாதையில் எந்த டயர் என்று யோசிக்கும் அந்த ஒரு முடிவை, லவுடா அன்று எடுத்த அதே முடிவை, எடுத்துப் பார்க்க வழியே இல்லை. அக்காவின் மகன் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு "மாமா, மழையை எங்க போடுறது?" என்று கேட்டான். அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. தென்மேல் பருவமழையில் காலி வீதியில் வண்டி ஓட்டுகிற நமக்கு, தண்ணீர் ஒரு பாதையை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியார் செய்த மோட்களைப் போட்டு மழையைக் கொண்டுவரலாம்தான், நான் எழுதுவது காசு கொடுத்து வாங்கும் விளையாட்டைப் பற்றி.

ஏன் மழையையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், லவுடாவின் வாழ்க்கையில் மழை வந்த இடங்களைப் பாருங்கள். தீக்காயம் ஆறாமலே, இரண்டு போட்டிகளை மட்டும் தவறவிட்டு, செப்டெம்பர் 12 மொன்சாவில் கட்டுகளுக்கு மேல் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஓடி நான்காவதாக வந்தார். இதைத்தான் எல்லோரும் வீரம் என்பார்கள், வீரம்தான். ஆனால் அடுத்த மாதம் ஜப்பானின் ஃபூஜியில், பட்டத்துக்குப் போட்டியிட்ட ஜேம்ஸ் ஹன்டைவிட மூன்று புள்ளி முன்னால் நின்று கடைசிப் போட்டிக்கு வந்தபோது கொட்டுகொட்டென்று மழை. கண்ணிமையும் கண்ணீர்ச் சுரப்பியும் வெந்திருந்ததால் பார்வை சரியில்லை. இரண்டு சுற்று ஓடிவிட்டுக் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். இயந்திரக் கோளாறு என்று அறிவித்துவிடுவோமே என்று ஃபோர்கியேரி கேட்டார், லவுடா மறுத்தார், நான்தான் நிறுத்தினேன் என்றே சொன்னார். ஹன்ட் மூன்றாவதாக வந்து 69க்கு 68 என்று ஒரு புள்ளியில் சம்பியன் ஆனார். மொன்சாவைவிட ஃபூஜியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். முழு இத்தாலியும் பார்த்துக்கொண்டிருக்க, சாக்குப் போக்கு கையில் நீட்டப்பட்டிருக்க, வேண்டாம் என்ற மனிதர். அடுத்த வருடமே, 1977இல், ஃபெராரிக்காகவே மறுபடி சம்பியன் ஆகிவிட்டு அணியை விட்டுப் போனார்.

இன்னொரு மழையும் இருக்கிறது. 1979இல் ஓய்வு பெற்று, 1982இல் மெக்லாரனில் திரும்பி வந்து, 1984இல் அதே அணியின் அலன் ப்ரோஸ்டை 72க்கு 71.5 என்று அரைப் புள்ளியில் வென்றார். அந்த அரை எங்கிருந்து வந்தது? மொனாக்கோ போட்டி மழையால் பாதியில் நிறுத்தப்பட்டது, முதலிடத்தில் இருந்த ப்ரோஸ்டுக்கு 9க்குப் பதிலாக 4.5தான் கிடைத்தது. முழுப் போட்டி ஓடி அவர் இரண்டாவதாக வந்திருந்தால்கூட 6 புள்ளி, பட்டமும் அவருக்கு. ஒரு மழையில் கையில் இருந்த பட்டம் போயிற்று, எட்டு வருடம் கழித்து இன்னொரு மழையில் ஒன்று வந்தது. இப்படிப்பட்ட மனிதருடைய காரை எப்போதும் வெயில் அடிக்கும் உலகத்தில் ஓட்டுவது பாதிக் கதைதான்.

சிமுலேட்டர் என்றால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதற்கும் லவுடாவின் வாழ்க்கையிலேயே ஒரு கொடிய உதாரணம் உண்டு. அவர் தொடங்கிய லவுடா எயாரின் போயிங் 767 ஒன்று 1991 மே 26 பேங்கொக்கில் இருந்து வியன்னாவுக்குக் கிளம்பி, ஒரு இயந்திரத்தின் பின்தள்ளும் அமைப்பு, தரை இறங்கியபின் வேகத்தைக் குறைக்க உதவுவது, வானத்திலேயே திறந்துகொண்டதால் தாய்லாந்துக் காட்டில் விழுந்தது. 223 பேரும் இறந்தார்கள். பயிற்சிச் சிமுலேட்டரில் அதே கோளாறைப் போட்டுப் பார்த்தபோது தப்பிக்கலாம் என்றே வந்தது, அந்தச் சிமுலேட்டர்கள் தவறான விடை தந்தன என்று விசாரணை அறிக்கையே பிறகு சொன்னது. சரியான தரவோடு போயிங்கின் சிமுலேட்டரில் லவுடா தானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார், தன் விமானிகளால் எதுவும் செய்திருக்க முடியாது என்று உறுதியான பிறகு அதைப் போயிங் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விடாமல் நின்றார். பந்தயத்தில் வென்ற மூன்று பட்டத்துக்கும் மேலே வைத்து இதைப் பேச வேண்டும்.

மற்றக் குறைகள் சிறியவை. கெரியர் பகுதி சுவாரஸ்யமே இல்லாதது, வரிசையாகப் போட்டிகள் வரும், கதை கிடையாது. கணினி ஓட்டும் கார்கள் ஒரே கோட்டில் முரட்டுத்தனமாக வரும், நீங்கள் பக்கத்தில் இருப்பதைப் பல தடவை கண்டுகொள்ளாது. மெனு குழப்பம். 1976 கார், அதாவது 312டி2, மூல விளையாட்டில் இல்லை. சத்தம் மட்டும் அருமை, நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்குக்கு வாங்குவதாக இருந்தால் வேண்டாம், அவர்களுக்கு இது அலுத்துவிடும். மாலை ஆறரைக்கு ஐரோப்பியப் போட்டி தொடங்கும்போது வேலையை விட்டுவிட்டு ரீவீக்கு முன்னால் உட்காருபவராக இருந்தால், தள்ளுபடியில் தயங்காமல் வாங்குங்கள். நோர்ட்ஷ்லைஃபவுக்கு நேரே போகாமல் முதலில் மொன்சாவில் 312டியை எடுங்கள், 1975 பட்டத்தை லவுடா உறுதி செய்ததும் அங்கேதான். முதல் சுற்றில் டயர் சூடாகி இருக்காது, பிரேக்கை வழக்கத்தைவிட முன்னமே பிடியுங்கள். எரிபொருளை அரைவாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம், டாங்கி நிறைந்திருந்தால் காரின் குணமே மாறிவிடும்.