சி89-உம் சி++20-உம் ஒரே விம்மில்: ஆறு வருட அனுபவம்

ஒரே விம் எடிட்டரில் இரண்டு விதமான நிரல் எழுதுகிறேன். ஒன்று, சி மொழியின் 1989 தரமான சி89-ஐத் தாண்டவே கூடாத ஒரு பழைய லைப்ரரி. மற்றது சி++ மொழியின் 2020 தரமான சி++20. இந்த ஆறு வருடங்களில் எனக்கு அதிகம் தொல்லை தந்தது கம்பைலர் இல்லை, எடிட்டர் சொற்களுக்குக் கொடுக்கும் நிறங்கள்தான்.

நாமாக எதையும் மாற்றாவிட்டால், எந்தச் சொல்லுக்கு எந்த நிறம் என்று சொல்லும் விம்மின் சி நிறக்கோப்பு, பின்னால் வந்த சி99, சி11 தரங்களின் சொற்களையும் சேர்த்தே வண்ணமிடும். 'ரெஸ்ட்ரிக்ட்', 'இன்லைன்' இரண்டும் சி99-இல்தான் கீவேர்டு (மொழி தனக்கென ஒதுக்கிய சொல்) ஆயின. சி89-இல் அவற்றை மாறிக்குப் பெயராக வைக்கலாம். ஆனால் திரையில் கீவேர்டு நிறத்தில்தான் தெரியும். ஹெடர் கோப்புகளில் குழப்பம் இன்னும் அதிகம். விம் நெடுங்காலம் .எச் கோப்புகளை சி++ என்றே எடுத்துக்கொண்டது. 'நியூ' என்று பெயர் வைத்த ஓர் அளவுரு அங்கே கீவேர்டு நிறத்தில் நிற்கும்.

என்னை உண்மையிலேயே உலுக்கியது உண்மை/பொய் மதிப்புக்கான 'பூல்'. அதுவும் பல வருடங்களாக டைப் நிறத்திலேயே இருந்ததால், எங்கள் லைப்ரரியில் அது வெறும் டைப்டெஃப் (வேறொரு டைப்புக்கு நாமே வைத்த மாற்றுப் பெயர்) என்பதே மறந்துபோயிற்று. 2025-இல் வந்த ஜிசிசி 15 கம்பைலர், தரத்தைக் குறிப்பிடாவிட்டால் சி23 என்று எடுத்துக்கொள்கிறது. சி23-இல் 'பூல்', 'ட்ரூ', 'ஃபால்ஸ்' மூன்றும் கீவேர்டு. ஒரு பில்டு ஸ்கிரிப்டில் தரத்தை எழுதாமல் விட்டிருந்தேன், அந்த டைப்டெஃப் வரியிலேயே பிழை.

அப்புறம்தான் நிற அமைப்பை ப்ராஜெக்ட்வாரியாகப் பிரித்து வைத்தேன். முதலில் மோட்லைன், அதாவது கோப்புக்குள்ளேயே விம்முக்கான அமைப்பைச் சொல்லும் ஒரு வரி, போட்டுப் பார்த்தேன். அது ஆப்ஷன்களை மட்டும்தான் மாற்றும், சி99-ஐ விலக்கும் மாறியை அங்கே வைக்க முடியாது. தவிர, அது குளோபல் மாறி. இந்த ப்ராஜெக்டுக்கு வைத்தால் அந்த ப்ராஜெக்டின் கோப்பையும் பாதிக்கும். அதனால் கோப்பு படிக்கப்படும் முன் பாதையைப் பார்த்து, பழைய லைப்ரரி என்றால் மாறியை வைக்கவும் இல்லையென்றால் நீக்கவும் ஆட்டோகமாண்டு (குறிப்பிட்ட நேரத்தில் விம் தானாக இயக்கும் கட்டளை) எழுதினேன். கோப்பு திறந்த பிறகு மாற்றினால் பலன் இல்லை, நிறக்கோப்பை மறுபடி ஏற்ற வேண்டும்.

இப்போது கிளாங்டியும் உண்டு; கம்பைலரைப் போலவே நிரலைப் படித்துப் புரிந்துகொண்டு எடிட்டருக்குச் சொல்லும் கருவி அது. கம்பைல் கட்டளைகள் உள்ள ஜேசான் கோப்பிலிருந்து தரத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. பில்டு கருவியான சிமேக்கில் ஒரு வரி சேர்த்தால் அந்தக் கோப்பு கிடைத்துவிடும். கம்பைலர் பார்க்கும் அதே தரத்தை எடிட்டரும் பார்ப்பதால் 'ரெஸ்ட்ரிக்ட்' இப்போது மாறி நிறத்துக்கு வந்துவிட்டது. தரத்தைச் சோதிக்கும் 'இஃப்' கிளைகளில் எது செயலில் இல்லை என்பதும் அதற்குத் தெரியும். வார்த்தைகளை மட்டும் பார்க்கும் நிறக்கோப்பால் அது முடியாது. இரண்டு தரங்களுக்கு நடுவே வேலை செய்பவர்கள் அந்த ஜேசான் கோப்பை முதல் நாளே உருவாக்கிவிடுங்கள் என்பேன்.

கிளாங்டி நிறுவ முடியாத சர்வர்களில் மட்டும் இன்றும் பழைய ஆட்டோகமாண்டுதான் கைகொடுக்கிறது.