“ஒரிஜினல் திருப்பாச்சேத்தி” என்று தகட்டை விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

மதுரையில் அரிவாள் வாங்கப் போகிறவர்கள், அதிலும் என்னைப் போல டவுனில் வேலை, ஊர்ப்பக்கம் கொஞ்சம் தோப்பு என்று இருக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். 1,450 ரூபாய் போனதுகூடப் பெரிதில்லை. பிடியிலிருந்து கழன்று பறந்த அரிவாள், என் மகன் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி விழுந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சோழவந்தான் பக்கம் எங்களுக்கு முப்பது தென்னை இருக்கிறது. வேலியோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதை ஒழிக்கச் சொல்லி 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவே போட்டது. என் வேலிக்கு அந்தத் தகவல் வந்து சேரவில்லை போல. அப்பா காலத்து அரிவாள் தீட்டித் தீட்டி ஒல்லிக்குச்சி ஆகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று போனேன்.

டவுனுக்குள் ஒரு கடை. பேர் வேண்டாம். வாசலில் சிறிதும் பெரிதுமாக வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

“ஒரிஜினல் திருப்பாச்சேத்திண்ணே. லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சது. கல்லையே வெட்டுனாலும் வாய் போகாது” என்றார் கடைக்காரர். தென்னை மட்டை வெட்ட வந்தவனுக்குக் கல்லை வெட்டும் அரிவாள் எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

தெரியாதவர்களுக்கு: திருப்பாச்சேத்தி, மதுரையிலிருந்து மானாமதுரை போகிற சாலையில் இருக்கிற ஊர், சிவகங்கை மாவட்டம். அரிவாள் என்றாலே தமிழ்நாடு முழுக்க அந்த ஊர்ப் பேரைத்தான் சொல்லும். அந்தப் பேரை எவன் வேண்டுமானாலும் சொல்லி விற்கலாம் என்பதும் உண்மை.

கடைக்காரர் ஒரு செய்தித்தாளை எடுத்து ஓரத்தில் வைத்து இழுத்தார். சர்ரென்று இறங்கியது. முழங்கையில் நாலு முடியை மழித்தும் காட்டினார். நான் விழுந்தது இங்கேதான். காகிதம் வெட்டுவது தீட்டலின் வேலை, இரும்பின் வேலை இல்லை. பதம் ஏற்றாத பச்சை இரும்பைக்கூட அரை மணி நேரம் கல்லில் தேய்த்தால் காகிதத்தை வெட்டும். அந்த வாய், அதாவது வெட்டும் விளிம்பு, ஐம்பதாவது வெட்டிலும் நிற்குமா என்பதுதான் கேள்வி. அதைக் கடை வாசலில் நின்றுகொண்டு யாரும் காட்ட மாட்டார்கள்.

முதல் நாள். பச்சை மட்டை பத்துப் பன்னிரண்டு சுகமாக இறங்கியது. அப்புறம் காய்ந்த மட்டையின் அடிப்பகுதி. பிறகு மணிக்கட்டு கனத்தில் ஒரு கருவேலங்கிளை. மூன்றாவது வெட்டில் சத்தம் மாறியது. ‘டக்’ என்று விழ வேண்டியது ‘தொப்’ என்று விழுந்தது. தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தீட்டிய வாய் கண்ணுக்கே தெரியக்கூடாது. இதில் நடுவாக்கில் விரல்நீளத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு மின்னியது. நகத்தை வைத்து மெல்ல இழுத்தால் ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் நகம் மாட்டியது. வாய் உடையவில்லை, டப்பா மூடியின் விளிம்பு மாதிரி ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. கிளையின் கணு பட்ட இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் வேறு.

தோப்பு வேலைக்கு வருகிற அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது என்னத்தம்பி, தகரம் மாதிரி இருக்கு?” என்றார். நான் கோபப்பட்டேன். விலை சொன்னேன். அவர் சிரித்தார்.

கடைக்குத் திருப்பிக்கொண்டு போனால், “வெட்டுன பொருளத் திருப்பி எடுக்கறதில்லண்ணே, நீங்க வெட்டத் தெரியாம சாய்ச்சு வெட்டிருக்கீங்க” என்றார்கள். பில் கேட்டபோது அவர்கள் கொடுத்திருந்தது வெறும் எஸ்டிமேட் துண்டுச்சீட்டு. கடைப் பேர்கூட அதில் இல்லை. பில் மட்டும் இருந்திருந்தால் 1915க்கு, அதுதான் நுகர்வோர் உதவி எண், அப்போதே அடித்திருப்பேன். சரி, சாணை பிடித்துப் பார்க்கலாம் என்று ஒரு சாணைக்காரரிடம் கொடுத்தேன். அவர் கிரைண்டரில் வைத்து ஓட்டியதில் வாயோரம் நீலம் பூத்து வந்தது. இரண்டு நாளில் பழைய கதைதான். மூன்றாவது நாள்தான் பிடி கழன்று பறந்தது.

அன்றைக்கே அதை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு திருப்பாச்சேத்திக்குப் பஸ் ஏறினேன். கேட்டு விசாரித்து ஒரு பட்டறையில் போய் நின்றேன். அங்கிருந்த பெரியவர் அரிவாளை வெட்டிப் பார்க்கவில்லை, விரலால் தடவிப் பார்க்கவும் இல்லை. ஒரு பழைய அரத்தை எடுத்து வாயில் வைத்துத் தள்ளினார். கரகரவென்று பிடித்து, தூள் உதிர்ந்தது. அதே அரத்தை அவர் பட்டறை அரிவாள் ஒன்றில் வைத்துத் தள்ளச் சொன்னார். கண்ணாடியில் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவுதான் பரிசோதனை. பத்து நொடி.

பிறகு முதுகைக் காட்டினார். பட்டறையில் அடித்த அரிவாள் முதுகுப்பக்கம் தடித்து, வாயை நோக்கிச் சன்னமாகி வரும். அடித்து இறக்குவதால் வருகிற வாட்டம் அது. என்னுடையது கழுத்திலிருந்து மூக்குவரை ஒரே கனம். தகட்டை வெட்டி, ஓரத்தை மட்டும் கிரைண்டரில் தேய்த்திருக்கிறார்கள். நான் ஆசையாகத் தடவிப் பார்த்த சுத்தியல் தழும்புகள் அழகுக்குப் போட்டவை.

லாரி ஸ்பிரிங் பட்டையில் கரிச்சத்து (கார்பன்) பெரும்பாலும் நூற்றுக்கு அரைப் பங்குக்குக் குறையாது. அதனால்தான் பழுக்கக் காய்ச்சி அமிழ்த்தினால் இறுகும். சாதாரணத் தகட்டு இரும்பில் அதில் பாதிகூட இருக்காது. அதை எத்தனை தடவை காய்ச்சி முக்கினாலும் ஏமாற்றம்தான். நல்ல எஃகாகவே இருந்தாலும் தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்குகிற பக்குவம், சரியாக விழ வேண்டும். அதையும் பெரியவர் செய்து காட்டினார். வாய்ப்பக்கம் மட்டும் ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் எடுத்து, வாயை மட்டும் முக்கினார், முதுகு வெளியே. வெளியே எடுத்துக் கல்லில் ஒரு தேய் தேய்த்ததும் வெள்ளை இரும்பு தெரிந்தது. முதுகில் மிச்சமிருந்த சூடு மெதுவாக வாய்க்கு இறங்க இறங்க, அந்த வெள்ளை வைக்கோல் நிறமாகி, பழுப்பாகி வந்தது. நீலத்துக்குப் போகுமுன் மறுபடி முக்கிவிட்டார். வைக்கோல் நிறத்துக்கு முன்பே நிறுத்தினால் வாய் கண்ணாடி மாதிரி தெறிக்கும். நீலத்தைத் தாண்டவிட்டால் மடங்கும். முதுகு இறுகாமல் இருப்பதால்தான் ஓங்கி வெட்டும்போது அரிவாள் முறிவதில்லை. கிரைண்டரில் நீலம் பூத்தால் நல்ல அரிவாளுக்கும் பதம் போய்விடும், கல்லில்தான் தீட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

பிடி கழன்ற விஷயத்தையும் கேட்டேன். என் அரிவாளில் பிடிக்குள் போகிற காம்பு இரண்டு விரல் நீளம்தான் இருந்தது. மரத்துக்குள் ஏதோ பசையை ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள். அவருடைய அரிவாளில் காம்பு பிடியை ஊடுருவிப் பின்னால் வந்து மடங்கியிருந்தது, கழுத்தில் பூண். வாங்கும்போது பிடியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இன்னொன்று. புது அரிவாளுக்கு விலை பேசியதும் பெரியவர் ஒரு நோட்டை எடுத்து என் பேர், முகவரி, எந்த வேலைக்கு என்று எழுதிக்கொண்டார். 2021இல் போலீஸ் அப்படி எழுதி வைக்கச் சொன்னதிலிருந்து பழக்கமாம். மதுரைக் கடையில் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததை நான் அன்றைக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

900 ரூபாய்க்கு வாங்கியது கருப்பாக, பட்டறைக் கரியோடு, பார்க்க லட்சணம் இல்லாமல் இருக்கிறது. இரண்டு மாதமாகக் கருவேலத்தை வெட்டுகிறேன். வாரம் ஒருமுறை கல்லில் நாலு இழுப்பு. வெயிலில் பிடித்தால் இன்னும் வெள்ளைக்கோடு தெரியவில்லை.

கிளம்பும்போது பெரியவர் என் பழைய அரிவாளைக் கையில் கொடுத்து, “கோயில்ல சாத்துற அருவாளுக்கு இது போதும் தம்பி. அது யாரையும் வெட்டப் போறதில்ல” என்றார். வீட்டில் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள்: அழகர்கோவில் போகும்போது பதினெட்டாம்படிக் கருப்புக்குக் கொண்டுபோய்ச் சாத்திவிடலாமாம். கருப்பிடம் போய் இது ஒரிஜினல் திருப்பாச்சேத்தி என்று எப்படிச் சொல்வது? இன்னும் சாக்கோடு பரணில்தான் கிடக்கிறது.